குற்றாலத் தீர்த்தமும் திருமுடித் தைலமும்



குழல்வாய்மொழியம்மை உடனாய குற்றாலநாதப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இத் திருவாதிரைத் திருநாளில் அத்தலத்தின் நீராட்டு மரபைப் பற்றிச் சில சொல்லக் கருதினோம். குற்றாலம் என்றவுடன் இக்காலத்தார் நினைவுக்கு முதலில் வருவது அருவி. அதற்கடுத்து வருவது எண்ணெய்த் தேய்ப்பு. மூன்றாவதாக, நேரமிருந்தால், கோயில். இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். அருவிக்கரை எண்ணெய்த் தேய்ப்பைப் பற்றி யாமும் ஒரு மேடையில் பிழைபடப் பேசியதுண்டு. அப்பிழை நீங்கிய வகையையும் இடையே சொல்லுவோம்.

முதலில் தலவரலாற்றை நினைவுகொள்வோம். திரிகூட மலையடியில் திருமாலுக்குரியதாக இருந்த திருக்கோயிலுக்கு அகத்திய முனிவர் வந்தார். சிவவேடத்தினராகிய அவரை உள்ளே விட மறுத்தனர். அவர் அருகிலுள்ள இலஞ்சிக்குச் சென்று குமரப்பெருமானை வழிபட்டு, அவன் காட்டிய வழியே வைணவ வேடம் தாங்கி மீண்டும் வந்து, பூசனை செய்பவர்போல உள்ளே புகுந்து, நின்ற திருமேனியின் திருமுடிமேல் கைவைத்து அழுத்தினார். நெடிய திருமேனி குறுகி இலிங்கத் திருமேனியாயிற்று. முனிவரின் விரல் பதிந்த தடம் இலிங்கத்தின் திருமுடியில் இன்றும் உள்ளது என்பர். கோயில் சங்கின் வடிவாய் அமைந்திருப்பதும் இப்பழைய நிலையின் அடையாளமே என்று சொல்லுவர். இவ்வரலாற்றைச் சமயப் பகைமை மூட்டும் கதையாகச் சிலர் எடுத்துரைப்பதுண்டு. அஃது எமக்கு உடன்பாடன்று. நன்னகரப் பெருமாள் இன்றும் அத்திருக்கோயிலின் உள்ளேயே சந்நிதி கொண்டு எழுந்தருளியிருக்கின்றார். அடியவர் இருவரையும் வணங்கியே மீள்கின்றனர்.

நாம் இங்கே கருத வேண்டுவது அடுத்த செய்தி. முனிவர் அழுத்திய அழுத்தத்தால் பெருமானுக்குத் தலைநோவு உண்டாயிற்றாம். ஆதலின் நாள்தோறும் காலையில் அவர் திருமுடிக்குத் தைலம் சாத்துகின்றனர். கடையில் வாங்கிய எண்ணெயன்று அது. பசும்பால், இளநீர், சந்தனம் ஆகியவற்றோடு பலவகை மூலிகைகளையும் சேர்த்துப் பல நாள் காய்ச்சி, அச்சாற்றை நல்லெண்ணெயிற் கூட்டி முடிப்பது. அடியார் அதனைப் பிரசாதமாகப் பெற்றுத் தம் தலைநோவுக்குத் தடவிக்கொள்வதும் உண்டு. இனி, இரவு அர்த்தசாமத்தில் நடப்பதைக் கேளுங்கள். ஓயாது விழும் அருவியின் அருகில் ஈரக்காற்றிலேயே உறைகின்ற பெருமானுக்குக் குளிர் தாக்கலாகாது என்று சுக்கு, மிளகு, கடுக்காய் முதலியவற்றைக் கொதிக்க வைத்துக் கசாயம் நிவேதிக்கின்றனர். பிற தலங்களில் பாலும் பழமும் சர்க்கரைப் பொங்கலும் நிவேதனமாகக் கண்ட நமக்குக் கசாய நிவேதனம் வியப்பைத் தருகின்றது. அம்மையப்பராகிய இறைவனைப் பிள்ளையாகப் பாவித்துப் பேணும் பேரன்பு இது.

எண்ணெய், நீர், கசாயம் என்ற மூன்றையும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் பழைய குடும்பங்களில் எண்ணெய் முழுக்கு நாளில் என்ன நடந்ததோ அதுவேயன்றோ இது? காலையில் சீரகமோ மிளகோ போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தலைமுதல் கால்வரை தேய்த்து, சற்று ஊறவிட்டு, சீயக்காயும் பயற்றமாவும் கொண்டு எண்ணெய் போக்கி, வெந்நீரில் முழுகி, மிளகுரசம் விட்டுப் பத்தியமாக உண்டு, பகலில் உறங்காதிருந்து, இரவில் சுக்கு வெந்நீர் பருகிப் படுப்பார்கள். தமக்கு நலம் என்று கண்டதையே இறைவனுக்குச் செய்தார்களோ, இறைவனுக்குச் செய்ததைப் பார்த்துத் தமக்கும் செய்துகொண்டார்களோ, யார் சொல்ல வல்லார்? இரண்டும் ஒரே ஒழுங்கு என்பது மட்டும் தெளிவு.

சமயநெறி நிற்போர் உடலைப் பேணலாமா என்று இளைஞர் சிலர் எம்மைக் கேட்பதுண்டு. சித்தர்களுள் தலைவராகிய திருமூலதேவர், தாமும் ஒருகாலத்தில் உடலைத் தாழ்வாகக் கருதியிருந்ததாகவும், உள்ளே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைக் காக்கத் தொடங்கியதாகவும் தம் மந்திரமாலையில் கூறியுள்ளார். அபிடேக முறையை நோக்கினாலும் இவ்வுண்மை விளங்கும். சிவாகம வழிப்படி திருமேனிக்கு முதலில் எண்ணெய்க்காப்பு. அடுத்து அவ்வெண்ணெய்ப்பசை நீங்க மாப்பொடி. அதன்பின்னரே மற்றைத் திரவியங்களும் தூய நீரும். எண்ணெய் பூசிய திருமேனியில் நேரே தீர்த்தத்தைச் சொரிந்து விடுவதில்லை. இந்த வரிசையை அன்பர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். பின்னர் இதன்பாலேயே மீண்டும் வருவோம்.

இனி அருவியின் இயல்பைக் காண்போம். மேற்கு மலைத்தொடரில் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே ஒரு கணவாய் உள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் மலையாளக் கரையில் பெய்யும் பருவமழையின் காற்று அக்கணவாய் வழியே நுழைந்து, இப்பக்கத்தில் பூந்தூறலாகச் சிந்துகின்றது. அதுவே சாரல். தமிழ்நாட்டின் பிற பகுதிகள் வெயிலில் வாடும்போது இங்கே ஞாயிறு தோன்றியும் வெம்மை தோன்றாது. திரிகூட மலையில் பிறக்கும் சிற்றாறு தேனருவியாகவும் செண்பகதேவி அருவியாகவும் இறங்கிப் பேரருவியாக வீழ்கின்றது. பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர், அதாவது 200 அடி.

அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரின்கீழ் மனிதன் நிற்பது எங்ஙனம்? பௌதிகம் கற்பிக்கும் அன்பர் ஒருவர் எமக்குக் கணக்கிட்டுக் காட்டினார். 60 மீட்டர் தடையின்றி விழும் பொருள் தரையைத் தொடும்போது, காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவு பெறுமாம். அத்தகைய நீர் தலையில் விழின் என்னாகும்! ஆயின் பேரருவி அவ்வாறு விழுவதில்லை. இடையே பாறையில் ஓர் ஆழ்ந்த குடைவு இருக்கின்றது. பொங்குமாகடல் என்பது அதன் பெயர். மேலிருந்து சீறி வரும் வெள்ளம் அக்குடைவில் விழுந்து, தன் வேகமெல்லாம் அங்கே இழந்து, பொங்கி வழிந்து, பின்னர் அகன்ற பாறைமீது பரவி இறங்குகின்றது. வானிலிருந்து வீழ்ந்த கங்கையைத் தம் சடையில் ஏற்று, வேகம் தணித்து, உலகம் தாங்குமளவில் விடுத்த பெருமானின் செயலையே இப்பாறை செய்துகொண்டிருக்கின்றது. அந்த வரலாற்றைப் பாடமாகச் சொல்லிக் கொண்டிருந்த எமக்கு, இப்பாறையைக் கண்டபின்னரே அதன் பொருள் கண்முன் விளங்கிற்று.

திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்துக்கு ஒரு பதிகமும், தலமரமாகிய குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் அருளினார். தலமரத்துக்கே தனிப்பதிகம் பெற்ற பேறு எளிதில் வாய்ப்பதன்று. மணிவாசகப் பெருமான் குற்றாலத்துக் கூத்தனை விளித்து, உற்றார் வேண்டா, ஊர் வேண்டா, கன்றை நினைந்த பசுவின் மனம்போல நெகிழும் நெஞ்சமே வேண்டும் என்று இரந்தார். 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தலபுராணமும் குறவஞ்சியும் பாடி இம்மலையையும் அருவியையும் தமிழுள்ளளவும் நிற்கச் செய்தார். திருக்கூத்துக்குரிய ஐந்து சபைகளுள் ஓவியங்களால் அமைந்த சித்திரசபை இங்கேதான் உள்ளது என்பதை, இன்று திருவாதிரையாதலின், சொல்லாமல் விடுவதற்கில்லை.

அருவியில் நின்றால் உடலுக்கு என்ன நேர்கின்றது? சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றொரு முறை உண்டு. உடலைக் கையால் பிடித்தும் உருவியும் வாதத்தைத் தணிக்கும் முறை அது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாக அதனைப் பிரித்தனர். இவற்றுள் தட்டல், அழுத்தல், அசைத்தல் என்ற மூன்றையும் அருவியே செய்துவிடுகின்றது. பிடரியிலும் தோளிலும் முதுகுத்தண்டின் இருமருங்கிலும் நீர் இடைவிடாது தட்டுகின்றது. முதலில் மூச்சுத் திணறுகின்றது, தோல் சுருங்குகின்றது, பல் கிடுகிடுக்கின்றது. சற்றுப் பொறுத்து நின்றால் இறுகிய தோள் தானே தாழ்கின்றது. வெளியே வந்து துவட்டியபின் உள்ளிருந்து ஒரு வெம்மை எழுந்து உடலெங்கும் பரவுகின்றது. அன்றிரவு வரும் உறக்கத்தைக் குற்றாலத்தில் தங்கியவர் அறிவர். பசியும் அவ்வாறே. ஆனால் அப்பசி பெரும்பாலோரைக் கோயிலுக்கு எதிர்த்திசையில் பரோட்டாக் கடைக்கு இழுத்துச் செல்கின்றது. அதற்கு அருவி பொறுப்பாகாது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஆற்றிலோ குளத்திலோ குளிப்பவர் தாமே முழுகுவார், தாமே தேய்ப்பார், நீந்துவார். அருவியில் நாம் செய்வது யாதொன்றும் இல்லை. நிற்பதே நம் வேலை. எதிர்த்து விறைத்து நிற்பவனை நீர் தள்ளிவிடும். உடலைத் தளரவிட்டுப் பாறையோடு ஒட்டி நிற்பவனுக்கு அது தொண்டு செய்யும். சும்மா இருத்தலின் அருமையைப் பெரியோர் நூல்களில் பலகாலம் ஓதி வந்தோம். அதனை உடல் ஒருகணமேனும் அறியும் இடங்களுள் இஃது ஒன்று.

மேலைநாட்டாரும் வேறு வழிகளில் இதனைத் தேடியிருக்கின்றனர். செர்மனியின் பவேரியப் பகுதியில் செபாஸ்டியன் நைப் (1821–1897) என்ற கிறித்தவ குருமார் ஒருவர், முழங்காலிலும் முதுகிலும் குளிர்ந்த நீரை ஒழுங்காக வார்த்து நோய் தணிக்கும் முறையை வகுத்து, 1886-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். சப்பான் நாட்டு மலைத் துறவிகள் குளிர்ந்த அருவியின்கீழ் நின்று மந்திரம் ஓதுவதை ஒரு நோன்பாகவே கொண்டுள்ளனர். இவையெல்லாம் குளிர்நீர். வெந்நீரில் ஒரு முறையும் நம் காலத்தில் தோன்றியது. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹார்பின் என்னும் வெந்நீரூற்றுத் தலத்தில் ஹெரால்டு டல் என்பவர், சப்பானியரின் ஷியாட்சு என்ற உடல்பிடிப்பு முறையை நீருக்குள் கொண்டுவந்தார். அதற்கு வாட்சு என்று பெயர். உடல்வெப்பத்துக்குச் சற்றுக் குறைந்த, ஏறக்குறைய 35 பாகை வெப்பமுள்ள நீரில் ஒருவரை மல்லாக்க மிதக்கவிட்டு, மற்றொருவர் அவர் தலையையும் முதுகையும் தம் கைகளில் தாங்கி மெல்ல அசைத்தும் நீட்டியும் விடுவார். நீர் உடலின் சுமையில் பெரும்பகுதியைத் தான் ஏற்றுக்கொள்வதால், தசைகள் தம் பிடிப்பை விடுகின்றன, மூச்சு நீள்கின்றது. இதுவும் செயலற்றுக் கிடந்து பெறும் நலமே. குழந்தையைத் தாய் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்ப்பதை நம்மூர்ப் பாட்டிமார் எந்த வெந்நீரூற்றுக்கும் சென்று கற்கவில்லை என்று சொல்லத் தோன்றுகின்றது. ஆயினும் பிறர் முயற்சியைக் குறைத்துப் பேசுதல் நமக்கு அழகன்று.

குற்றாலத்துக்கு வருவோம். மக்கள் இங்கே நீராட வந்த நோக்கம் காலந்தோறும் மாறியிருக்கின்றது. பழங்காலத்தில் தீர்த்தமாட வந்தனர். சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் பெருநாள்கள். ஆடி அமாவாசையில் முன்னோர்க்குக் கடன் செய்ய வந்தனர். 15-ஆம் நூற்றாண்டில் தென்காசி எழுந்தபோது இத்தீர்த்தத்தின் சிறப்பு இன்னும் உயர்ந்தது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். மறுஆண்டு குடமுழுக்கு நிகழ்ந்தது. 1457-இல் கோபுரப்பணி தொடங்கிற்று. வடகாசி செல்ல இயலாதார்க்குத் தென்னாட்டிலேயே ஒரு காசி. காசி என்றால் கங்கை வேண்டுமன்றோ? தென்காசிக்குக் கங்கையாக அமைந்தது சிற்றாறு. குற்றாலத்தில் நம் தலையில் விழுந்த அதே நீர்தான் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சென்று விசுவநாதரின் ஊரைத் தொடுகின்றது. வயல்களை நனைத்துச் சீவலப்பேரியில் பொருநையோடு கலக்கின்றது. தான் எழுப்பிய கோயிலைப் பின்வரும் காலத்தில் காப்பவர் யாராயினும் அவர் திருவடியைத் தான் வணங்குவதாக அப்பாண்டியன் கல்லிற் பொறித்து வைத்தான். அவன் எழுப்பிய கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றதையும், 1990-இல் ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்ததையும் எம் தலைமுறை கண்டது.

கும்பினியார் ஆட்சியில் வேறொரு நோக்கம் புகுந்தது. பாளையங்கோட்டையின் வெயிலைத் தாங்கமாட்டாத ஆங்கில அலுவலர் சாரற்காலத்தில் இங்கே வந்து தங்கினர்; மாளிகைகள் கட்டினர்; சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தனர். ராபர்ட் வைட் போன்ற தாவரநூல் வல்லார் இம்மலையில் அலைந்து செடிகொடிகளைத் தொகுத்தனர். தீர்த்தத்தலம் நலவாழ்வுத்தலமாக அவர்கள் கண்ணுக்குத் தோன்றிற்று. 1904-இல் செங்கோட்டை மலைவழியே கொல்லம் வரை இருப்புப்பாதை திறந்தபின் தொலைவிலிருந்தும் மக்கள் வந்தனர். இங்கே குடியேறி வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) இல்லத்துக்கு இராசாசியும் கல்கியும் வந்து தங்கித் தமிழும் அருவியும் சேர நுகர்ந்தனர். அக்காலத்தில் வந்தவர் பத்து நாள், ஒரு மாதம் என்று தங்குவர். இன்று காலையில் வந்து மாலையில் திரும்புகின்றோம். நூற்றுக்கணக்கான வண்டிகள்; ஆயிரக்கணக்கான மக்கள்; வரிசையில் நின்று ஒரு சில நிமிடம் நீரைத் தொடும் பேறு. இந்த அவசரத்தில்தான் பழைய ஒழுங்கு குலைந்தது.

2014-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அருவிக்கரையில் பாயும் பலகையும் போட்டு எண்ணெய் தேய்த்துவிட்டு வாழ்ந்தவர்களுக்கு அது பேரிடியாயிற்று. அடுத்த திருவாதிரையில் யாம் பேசிய மேடையில், சோப்பைத் தடுத்தது தகும், எண்ணெயைத் தடுத்தது தகாது, பெருமானுக்கே நாள்தோறும் தைலம் சாத்தும் தலத்தில் அடியாருக்கு எண்ணெய் கூடாதென்பது என்ன முறை என்று சற்று உரத்தே கேட்டுவிட்டோம். அவையோர் ஆரவாரித்தனர். ஆரவாரத்தைக் கேட்டுச் சொற்பொழிவாளன் மகிழ்வது எவ்வளவு பேதைமை என்பதை அன்றிரவே அறிந்தோம்.

கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். மூன்று தலைமுறையாக எண்ணெய் தேய்க்கும் தொழிலினர். அத்தடையால் வருவாய் இழந்தவர். எமக்கு நன்றி சொல்ல வந்தார் என்றே எண்ணினோம். அவரோ தயங்கித் தயங்கி, "ஐயா, தாங்கள் சொன்னதில் ஒன்று சரியில்லை, சொன்னால் கோபிக்கக் கூடாது" என்றார். "சொல்லுங்கள் பெரியவரே" என்றோம். அவர் சொன்னதன் சாரம் இது: அவர் தந்தையார் ஒருபோதும் அருவிக்கரையில் எண்ணெய்க் கலயத்தைத் திறந்ததில்லை. சத்திரங்களிலும் வாடகை வீடுகளிலும் திண்ணைக்குச் சென்று தேய்த்துவிடுவார். எண்ணெய் ஊறியபின் அங்கேயே வெந்நீரும் சீயக்காயும் கொண்டு போக்கிவிட வேண்டும். அன்று அருவிக்குப் போகக்கூடாது. மறுநாள் விடியலில் வெறும் உடம்போடு அருவியில் நின்று, ஈரம் துவட்டிக் கோயிலுக்குப் போகவேண்டும். "எண்ணெயை உடம்பு குடிக்கணும், அருவி குடிக்கப்படாது என்று அப்பா சொல்லுவார் ஐயா. வருகிறவர்களுக்குத் தங்க நேரமில்லை. அதனால்தான் நாங்களும் கரைக்கு இறங்கினோம். வயிறு இருக்கிறதே!"

யாம் வாயடைத்து நின்றோம். அவர் கை எம் தோளைத் தொட்டு ஒரு நரம்பை மெல்ல அழுத்தியது. "ரொம்ப நேரம் நின்று பேசுகிறீர்கள், இங்கே இறுகியிருக்கிறது" என்றார். தொக்கணத்தின் ஒன்பது பெயர்களும் அவருக்குத் தெரியா. ஒன்பதும் அவர் விரலில் இருந்தன.

வீடு திரும்பித் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியை எடுத்துப் பார்த்தோம். இளமையில் எம் ஆசிரியர் வீட்டில் மனப்பாடம் செய்ததுதான். நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று கூறும் அந்நூல், எண்ணெய் தேய்த்தால் வெந்நீரிலேயே குளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. வாயால் பலமுறை சொன்ன விதி. பொருள் மட்டும் ஐம்பது ஆண்டுகளாக எமக்குத் தைக்கவில்லை. எண்ணெயோடு நேரே குளிர்ந்த அருவியில் புகுதல் மருத்துவ நூலுக்கும் உடன்பாடன்று. உடம்பில் எண்ணெய் இருந்தால் குளிர் ஏறாது என்று வாதிடுவோர் இன்றும் உளர். அவர் அனுபவத்தை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வெண்ணெய் நீங்கும்போது எங்கே போகின்றது? பாறையில் படிந்து வழுக்குகின்றது. பின்னால் வருபவர் விழுகின்றார். எஞ்சியது சிற்றாற்றோடு இறங்கித் தென்காசிக்குக் கங்கையாகச் செல்கின்றது. தீர்த்தத்தில் உமிழ்தல், அழுக்குப் போக்குதல், ஆடை வெளுத்தல் ஆகா என்று தீர்த்தவிதி சொல்லும் நூல்களெல்லாம் ஒருமுகமாக விலக்கியிருக்கின்றன. முன்னே கூறிய அபிடேக வரிசையையும் நினைத்துப் பாருங்கள். பெருமானுக்கே எண்ணெயை மாப்பொடியால் போக்கியபின்னர்த்தான் தூய நீர். அடியவன் எண்ணெய் ஒழுகும் உடலோடு தீர்த்தத்தில் நிற்பது எந்த ஆகமத்தில் உள்ளது? யாம் மேடையில் கேட்ட கேள்விக்கு விடை எம் நூற்பேழையிலேயே இருந்தது. மறுஆண்டு அதே மேடையில் எம் பிழையை ஒப்புக்கொண்டோம். அவ்வளவாக ஆரவாரம் எழவில்லை.

ஆனால் ஒன்று. தடையினால் தீர்த்தம் தூய்மையாவது நன்று. அக்கலை அறிந்த கைகள் பசியால் வாடி மறைந்து போவது நன்றன்று. எண்ணெய்த் தேய்ப்பு அருவிக்கரையை விட்டு மீண்டும் திண்ணைக்கு ஏற வேண்டும். விடுதி நடத்துவோரும் சத்திரம் வைத்திருப்போரும் ஓர் அறையும் ஓர் அண்டா வெந்நீரும் ஒதுக்கினால் போதும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. அங்கே தொக்கணம் நூல்வழி கற்கும் இளைஞர், இம்முதியவர்களின் விரலைப் பார்த்துக் கற்கவேண்டியது இன்னும் உளது. செல்வர் சிலரிடம் இதனைச் சொல்லிப் பார்த்தோம், தலையசைத்தனர்.

நீராட வருவோருக்கும் சில சொல்லவேண்டும். உண்ட வயிற்றோடும் காய்ச்சலோடும் அருவியில் நிற்கலாகாது. இதயநோயும் மிகுந்த இரத்த அழுத்தமும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் குளிர்நீரின்கீழ்ப் புகலாகாது. திடீர்க் குளிர் இதயத்தைத் தாக்கும். முதலில் பாதம், பின் கை, பின் முகம் நனைத்து, அதன்பின் தோளைக் காட்டுதல் முறை. உச்சந்தலையை நேரே நீட்டலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காவலர் விலகச் சொன்னால் அக்கணமே விலகவேண்டும். 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மலைமேற் பெய்த மழையால் வெள்ளம் திடீரெனப் பெருகி, குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அப்பிள்ளையை உயிரோடு மீட்க இயலவில்லை. பேரருவிக்குப் பொங்குமாகடல் போல எல்லா அருவிக்கும் ஒரு தடை அமைந்திருக்கவில்லை. பொங்குமாகடலும் ஓரளவுக்குமேல் தாங்காது. தளர்ந்து நிற்கச் சொன்னோமே, அது நீரின் நிறமும் ஓசையும் மாறாதவரைக்குத்தான். தெளிந்த நீர் செந்நிறமாவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓசை தடிப்பதும் கண்டால் ஓடிக் கரையேற வேண்டும்.

அம்முதியவர் இப்போது இல்லை. அவர் மகன் தென்காசியில் வேறு தொழில் செய்கின்றார். கேட்பவர் வீட்டுக்கு மட்டும் விடுமுறை நாளில் சென்று எண்ணெய் தேய்த்துவிடுகின்றார். சென்ற சாரலில் எம் முழங்கால் வலிக்கு அவரை அழைத்தோம். தேய்த்து, வெந்நீர் வார்த்து, "இன்றைக்கு அருவிக்குப் போகாதீர்கள் ஐயா, நாளைக்குப் போங்கள்" என்று சொல்லிச் சென்றார். மறுநாள் விடியலில் பேரருவியில் நின்றோம். அன்று மாலையும் குற்றாலத்திலேயே தங்கி, அர்த்தசாமம் வரை கோயிலில் இருந்தோம். கூட்டம் இல்லை, மழைத்தூறல், கருவறை விளக்குக்கு எதிரே அர்ச்சகர் சிறு பாத்திரத்தில் ஆவி பறக்கும் கசாயத்தைக் கொண்டுவந்து நிவேதித்தார். திரை விலகியபின் அதில் ஒரு துளி எம் உள்ளங்கையிலும் விழுந்தது. மிளகின் காரமும் கடுக்காயின் துவர்ப்பும் தொண்டையில் இறங்கின. வெளியே அருவி விழுந்துகொண்டிருந்தது.